அட்டை சொன்னது ஒன்று, அண்ணன் கொண்டது ஒன்று



கோடை விடுமுறையின் நண்பகல் நேரம். பகலுணவு முடிந்து வீட்டுப் பெரியவர்கள் சற்றே கண்ணயரும் வேளை. அடுத்த தெருவிலிருந்து பட்டுத் தறியின் தாள ஓசை இடைவிடாது வந்துகொண்டிருக்கிறது. கூடத்துப் பாயில் பிள்ளைகள் நால்வர் பலகை ஒன்றைச் சுற்றி அமர்ந்துள்ளனர். அயல்நாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த 'மோனோபொலி' விளையாட்டு அது. நம் ஊர்க் கடைகளில் 'பிசினஸ்' என்றும் 'டிரேட்' என்றும் விற்கப்படுபவை இதன் உறவினங்களே. பெட்டியோடு வந்த விதித்தாள் எப்போதோ தொலைந்து போயிற்று.

திடீரென்று கூச்சல் எழுகிறது. "அம்மா, அண்ணன் அநியாயம் செய்கிறான்!" என்று தங்கை ஓடி வருகிறாள். "அட்டையைப் படித்துப் பாருங்கள் அம்மா, நான் சொல்வதுதான் சரி" என்று தமையன் பின்னாலேயே வருகிறான். இருவர் கையும் ஒரே அட்டையைப் பற்றியிருக்கின்றன.

இத்தகைய காட்சியைக் காணாத வீடு அரிது. நம்மில் பலர் அப்போது என்ன செய்கிறோம்? "சண்டை போடாதீர்கள், பலகையை மூடி வையுங்கள்" என்கிறோம். அல்லது, "அவள் சின்னவள்தானே, விட்டுக் கொடு" என்கிறோம். இரண்டுமே தீர்ப்பு ஆகா. முன்னது வழக்கையே தள்ளிவிடுகிறது. பின்னது நியாயம் கேட்டு வந்தவருக்கு இரக்கத்தைக் கொடுத்து அனுப்புகிறது. அந்த அட்டையை வாங்கி நாமும் ஒருமுறை பொறுமையாகப் படித்துப் பார்த்தால் என்ன?

வழக்கு இதுதான்

பலகையைச் சுற்றி 40 கட்டங்கள் உள்ளன. அவற்றுள் மூன்று 'சான்ஸ்' கட்டங்கள். காய் அங்கே வந்து நின்றால், அடுக்கி வைத்த 16 அட்டைகளில் மேலே இருப்பதை எடுத்து, அதில் எழுதியபடி நடக்க வேண்டும். தங்கையின் காய் மூன்றாவது சான்ஸ் கட்டத்தில் நிற்கிறது. அவள் எடுத்த அட்டையின் கருத்து இது: அருகிலுள்ள புகைவண்டித் தடத்திற்கு முன்னேறு, அதற்கு உரிமையாளர் இருந்தால், அவருக்கு உரிய வாடகையைப் போல இரு மடங்கு கொடு, உரிமையாளர் இல்லையேல் நீயே வாங்கிக்கொள்ளலாம்.

அமெரிக்கப் பதிப்பின் பலகையில் புகைவண்டித் தடங்கள் நான்கு. தங்கையின் காய்க்கு ஒரே ஒரு கட்டம் பின்னால் ஒரு தடம் உள்ளது. அது தமையனுடையது, அவனிடம் மொத்தம் மூன்று தடங்கள் உள்ளன. முன்னோக்கிச் சென்றால் அடுத்த தடம் 9 கட்டங்கள் தள்ளி இருக்கிறது. அதை இன்னும் எவரும் வாங்கவில்லை. போகும் வழியில் தொடக்கக் கட்டத்தைக் கடப்பதால் 200 கிடைக்கும். அந்தத் தடத்தின் விலையும் 200தான்.

தமையன் கூறுவது: "அருகிலுள்ளது என்றுதானே எழுதியிருக்கிறது? ஒரு கட்டம் அருகா, ஒன்பது கட்டம் அருகா?" தங்கை கூறுவது: "முன்னேறு என்றுதானே எழுதியிருக்கிறது? பின்னால் போவது முன்னேறுவதா?"

தமையன் சொல்வது சரியென்றால் தங்கை இருமடங்கு வாடகை கொடுத்தாக வேண்டும். தங்கை சொல்வது சரியென்றால், வழியில் கிடைக்கும் பணத்தைக் கொண்டே ஒரு தடத்தை அவள் சொந்தமாக்கிக் கொள்வாள். தமையன் நான்கையும் சேர்க்கும் கனவு கலைந்துவிடும். ஒரு சொல்லுக்குக் கொள்ளும் பொருளில் ஆட்டமே திரும்புகிறது. இப்போது தெரிகிறதல்லவா, குரல்கள் ஏன் உயர்ந்தன என்று!

தறியின் அட்டையும் ஆட்டத்தின் அட்டையும்

பட்டுக்குப் பெயர்பெற்ற ஆரணியில் 'அட்டை' என்றால் வேறொன்றும் நினைவுக்கு வரும். தறியின் மேல் பொருத்திய ஜக்கார்டுப் பெட்டியில், கயிற்றால் கோத்து மாலைபோல் தொங்கும் துளையிட்ட அட்டைகளைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பிரான்சு நாட்டின் லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மாரி ஜக்கார்டு 1804ஆம் ஆண்டு உருவாக்கிய முறை அது. நெசவாளர் மிதியை அழுத்தும்போது ஓர் அட்டை ஊசிகளின் முன் வந்து நிற்கும். துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும். அதனோடு இணைந்த கொக்கி தூக்கப்பட்டுப் பாவு இழை உயரும். துளை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்படும், கொக்கி விலகும், இழை தாழ்ந்தே நிற்கும். உயர்ந்த இழைகளுக்கும் தாழ்ந்த இழைகளுக்கும் இடையே நாடா ஊடையைக் கொண்டு செல்லும். அடுத்த ஊடைக்கு அடுத்த அட்டை. இவ்வாறே கரையும் புட்டாவும் முந்தானையும் உருவாகின்றன.

அந்த அட்டையோடு எவரும் வழக்காட முடியாது. துளை உண்டு அல்லது இல்லை. மூன்றாவது பொருள் அதற்குக் கிடையாது. ஆனால் தவறான இடத்தில் துளையிட்டு விட்டாலோ, அந்தத் தவற்றையும் அது அணுவளவும் பிசகாமல் சேலை முழுதும் நெய்து வைக்கும். "இவர் இப்படிச் சொல்ல நினைத்திருக்க மாட்டார்" என்று எண்ணிப் பார்க்கும் ஆற்றல் அதற்கு இல்லை.

விளையாட்டு அட்டையோ சொற்களால் ஆனது. சொல்லுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் உண்டு. ஆகவே சண்டையும் உண்டு. அதே சமயம், சொல்லைப் படிப்பவர் மனிதர். எழுதியவரின் கருத்தை எண்ணிப் பார்க்கும் அறிவு அவருக்கு உண்டு. அந்த அறிவைப் பயன்படுத்துவதற்கும் ஒழுங்கான வழிமுறை இருக்கிறது.

முதற்படி: வினையைப் பாருங்கள்

வாக்கியத்தில் செயலைச் சொல்லும் சொல் எது? 'முன்னேறு' என்பதே. 'அருகிலுள்ள' என்பது தடத்தைப் பற்றிய அடைமொழி. காய் எத்திசையில் நகர வேண்டும் என்பதை வினைச்சொல் முடிவு செய்துவிட்டது. அத்திசையில் எதிர்ப்படும் தடங்களுள் எதில் நிற்பது என்பதையே அடைமொழி கூறுகிறது. இப்படிக் கொண்டால் இரு சொற்களும் பொருள் பெறுகின்றன. தமையன் கூறுவதைக் கொண்டால் 'முன்னேறு' என்ற சொல் வீணாகிறது. எழுதப்பட்ட சொற்கள் அனைத்துக்கும் பொருள் தரும் விளக்கமே ஏற்கத்தக்கது.

இரண்டாவது சான்று அதே அட்டைக் கட்டிலேயே இருக்கிறது. 'மூன்று கட்டங்கள் பின்னோக்கிச் செல்' என்று தனியாக ஓர் அட்டை உண்டு. பின்னோக்கிச் செல்லச் சொல்ல வேண்டிய இடத்தில் அவ்வாறே தெளிவாக எழுதத் தெரிந்தவர்கள், இங்கே 'முன்னேறு' என்று எழுதியிருக்கிறார்கள். ஆகவே தங்கையின் காய் 9 கட்டங்கள் முன்னே செல்ல வேண்டும். வழியில் உரிய 200ஐயும் பெற வேண்டும்.

ஆனால் தங்கை அத்துடன் மகிழ்ந்து ஓடிவிடக் கூடாது. நாளை அதே அட்டை தமையன் கையில் வரும்போதும் இதே விளக்கம்தான் செல்லும் என்பதை அவள் இப்போதே ஒப்புக்கொள்ள வேண்டும். முதலாவது சான்ஸ் கட்டத்தில் நின்றால், பின்னால் 2 கட்டத்தில் ஒரு தடமும் முன்னால் 8 கட்டத்தில் ஒரு தடமும் இருக்கும். அங்கேயும் முன்னோக்கித்தான் செல்ல வேண்டும், அது எவருக்கு நட்டமாயினும் சரியே.

இருமடங்கு என்றால் எதற்கு இருமடங்கு?

வேறொரு நாள் இன்னொரு வழக்கு வரும். ஒரு தடம் மட்டும் வைத்திருப்பவருக்கு வாடகை 25, இரண்டுக்கு 50, மூன்றுக்கு 100, நான்கும் இருந்தால் 200. அட்டை சொல்லும் இருமடங்கு அடிப்படை வாடகையான 25க்கா, அன்றைய நிலையில் சேர வேண்டிய தொகைக்கா?

'அவருக்கு உரிய வாடகை' என்ற சொற்களே விடை. அட்டை இல்லாமல் வந்திருந்தால் எவ்வளவு கொடுத்திருப்போமோ அதைக் கணக்கிட்டு இரட்டிக்க வேண்டும். மூன்று தடம் உடையவருக்கு 200. நான்கும் உடையவருக்கு 400. அந்தத் தடம் அடகில் இருந்தால்? அடகு வைத்த சொத்துக்கு வாடகை கிடையாது என்பது பொது விதி. உரிய வாடகை ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததன் இருமடங்கும் ஒன்றுமில்லை. ஒரே அளவுகோல் உடைமையாளருக்குச் சாதகமாகவும் பாதகமாகவும் மாறி மாறி அமைவதைக் கவனியுங்கள். அளவுகோல் நேராக இருப்பதன் அடையாளமே அது.

சிறப்பு விதி பொது விதியை வெல்லும்

மின் நிறுவனம், குடிநீர் நிலையம் என இரு கட்டங்கள் உண்டு. ஒன்றை மட்டும் வைத்திருப்பவருக்குப் பகடை எண்ணைப் போல் 4 மடங்கும், இரண்டையும் வைத்திருப்பவருக்கு 10 மடங்கும் வாடகை என்பது பொது விதி. சான்ஸ் அட்டை ஒன்றோ, அடுத்து வரும் அத்தகைய நிறுவனத்துக்குச் சென்று, அதற்கு உரிமையாளர் இருந்தால் பகடையை உருட்டி 10 மடங்கு கொடு என்கிறது. "என்னிடம் இருப்பது ஒன்றுதானே, 4 மடங்கு போதாதா?" என்று உரிமையாளரே தயங்கினாலும், கொடுக்க வேண்டியது 10 மடங்குதான். இங்கே அட்டை தனக்கென்று ஓர் அளவைக் கூறிவிட்டது. முந்தைய அட்டை 'உரிய வாடகை' என்று பொது விதியைத் துணைக்கு அழைத்தது. இந்த அட்டை அழைக்கவில்லை. வேறுபாடு சொல்லில் இருக்கிறது. ஆகவே தீர்ப்பிலும் வேறுபாடு வருகிறது.

அட்டைகளைக் கொண்டு ஆடும் விளையாட்டுகள் பெருகிய பின்னர், இக்கருத்து எழுத்திலேயே இடம்பெற்றது. ரிச்சர்டு கார்ஃபீல்டு வடிவமைத்து 1993இல் வெளிவந்த 'மேஜிக்: தி கேதரிங்' என்னும் ஆட்டத்தில், அட்டையின் வாசகம் பொது விதியோடு முரண்பட்டால் அட்டையே செல்லும் என்பது தலையாய விதி. அதற்கு அடுத்து ஒரு நுட்பமும் உண்டு. ஓர் அட்டை 'செய்யலாம்' என்றும் மற்றோர் அட்டை 'செய்யக் கூடாது' என்றும் கூறினால், 'கூடாது' என்பதே வெல்லும்.

தமிழ் இலக்கணம் பயின்றோருக்கு இது புதிதன்று. பவணந்தி முனிவரின் நன்னூல் பொது விதியைக் கூறிச் சிறப்பு விதியையும் கூறும். அவற்றில் அடங்காதவற்றைத் தழுவிக்கொள்ளப் 'புறனடை' என்று ஒன்றை வைப்பதும் நம் இலக்கண நூலோர் மரபு. எல்லாவற்றையும் எழுதி முடிக்க இயலாது என்பதை ஒப்புக்கொண்டு, எழுதியவற்றை ஒட்டி எஞ்சியதை உணர்ந்துகொள்க என வழிகாட்டுவதே புறனடையின் பயன்.

அட்டையின் மேல் அட்டை

மூன்றாவது சான்ஸ் கட்டத்தில் 'மூன்று கட்டங்கள் பின்னோக்கிச் செல்' என்ற அட்டை வந்தால், காய் நேரே 'கம்யூனிட்டி செஸ்ட்' கட்டத்தில் போய் நிற்கும். அங்கே மீண்டும் ஓர் அட்டை எடுக்க வேண்டுமா? "ஒரு முறைக்கு ஓர் அட்டைதான்" என்று சொல்பவர் உண்டு. விதியில் அப்படி ஏதும் இல்லை. ஒரு கட்டத்தில் வந்து நின்றவர், எவ்வழியாக வந்தாலும், அக்கட்டத்தின் கட்டளைக்கு உட்பட்டவரே. ஆகவே எடுக்கத்தான் வேண்டும்.

இரட்டை எண் விழுந்தால் மறுபடியும் உருட்டலாம் என்பது விதி. இரட்டை விழுந்து, சான்ஸ் கட்டத்தில் நின்று, 'நேரே சிறைக்குச் செல்' என்ற அட்டை வந்துவிட்டால்? சிறைக்குள் நுழைந்ததும் அவருடைய முறை முடிந்தது. மீதமுள்ள உருட்டல் கிடையாது. ஆனால் சிறையில் இருப்பவருக்கு அவருடைய சொத்தின் வாடகை வருவது நிற்காது. 'உள்ளே போனவனுக்கு வாடகை எதற்கு?' என்று பல வீடுகளில் மறுப்பதுண்டு. விதி அதை மறுக்கவில்லை.

எது முன், எது பின் என்ற கேள்விக்கு விடை கண்டால், இத்தகைய வழக்குகளில் பெரும்பகுதி தானே தீர்ந்துவிடும். க்ளாஸ் டாய்பர் வடிவமைத்து 1995இல் வெளிவந்த 'கட்டான்' ஆட்டத்தில், வாங்கிய அட்டையை அதே முறையில் பயன்படுத்தக் கூடாது என்று விதி வைத்து, வெற்றிப் புள்ளியை நிறைவு செய்யும் அட்டைக்கு மட்டும் விலக்கு அளித்துள்ளார்கள். காலத்தையும் விதியில் சேர்த்து எழுதியதால் பூசலுக்கு இடமில்லாமல் போயிற்று.

எழுதாத விதிகள்

நம் பிள்ளைகள் 'விதி' என்று உறுதியாக நம்பும் பலவும் வீட்டு வழக்கங்களே. கட்டிய வரியும் தண்டமும் பலகை நடுவில் சேர்ந்து, 'ஃப்ரீ பார்க்கிங்' கட்டத்தில் நிற்பவருக்குக் கிடைக்கும் என்பது அச்சிட்ட விதியில் இல்லை. மாறாக, ஒருவர் வாங்காமல் விட்ட இடத்தை உடனே ஏலம் விட வேண்டும் என்பது அச்சிட்ட விதியில் உண்டு. ஆனால் பல வீடுகளில் அதை எவரும் பின்பற்றுவதில்லை. நம் நாட்டுப் பதிப்புகள் சிலவற்றில் அட்டைக் கட்டே கிடையாது; பலகையிலேயே பட்டியல் அச்சிட்டு, பகடை எண்ணுக்கு ஏற்பப் பலன் தருவர்.

இந்த வேறுபாட்டுக்கு நெடிய வரலாறு உண்டு. லிசி மேகி என்னும் அமெரிக்கப் பெண்மணி 1904இல் காப்புரிமை பெற்ற 'நிலக்கிழார் விளையாட்டு'தான் இதன் தாய். நிலம் ஓரிடத்தில் குவிவதால் வரும் தீமையை உணர்த்தவே அவர் அதை உருவாக்கினார். மக்கள் கையாலேயே பலகை வரைந்து, வாய்மொழியாக விதி சொல்லி, ஊருக்கு ஊர் மாற்றி ஆடினர். 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் வாங்கி வெளியிட்ட பிறகே அது ஒரே வடிவம் பெற்றது. கைப்படியில் நேர்ந்த பிழையும் உடன் அச்சேறியது. 'மார்வென் கார்டன்ஸ்' என்ற இடப்பெயர் 'மார்வின் கார்டன்ஸ்' ஆகிவிட்டது. தவறாகத் துளையிட்ட ஜக்கார்டு அட்டையைப் போல அப்பிழை படி தோறும் தொடர்ந்தது!

நம் தாயமும் பல்லாங்குழியும் தெருவுக்குத் தெரு வேறு விதியோடு ஆடப்படுவதும் இக்காரணத்தாலேயே. வீட்டு வழக்கம் குற்றமன்று. ஆனால் ஆட்டம் தொடங்குமுன் சொல்லப்பட்ட வழக்கமே விதி. தோற்கும் நேரத்தில் நினைவுக்கு வரும் வழக்கம் விதியாகாது.

பெரியோரும் இவ்வாறே தீர்க்கின்றனர்

இது சிறுபிள்ளை விளையாட்டுத்தானே என்று எண்ண வேண்டாம். 2022இல் நம் மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றதை அறிவீர்கள். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் விதிநூல், எல்லாச் சூழலையும் விதிகளில் அடக்க இயலாது என்று முன்னுரையிலேயே ஒப்புக்கொள்கிறது. எழுதப்படாத நிலை எழுந்தால், அதை ஒத்த வேறு நிலைகளுக்குரிய விதியைக் கொண்டு நடுவர் முடிவு காண வேண்டும் என்கிறது. நம் முன்னோரின் புறனடையேதான்!

சட்டத்தையும் பாருங்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 29ஆம் பிரிவில், பொருள் உறுதியாக இல்லாததும், உறுதிப்படுத்த இயலாததுமான ஒப்பந்தம் செல்லாது என்கிறது. அதற்குத் தரும் எடுத்துக்காட்டு எளியது. ஒருவர் நூறு டன் எண்ணெய் விற்பதாக ஒப்புகிறார்; எவ்வகை எண்ணெய் என்பதற்குக் குறிப்பே இல்லை; ஒப்பந்தம் செல்லாது. ஆனால் அவர் தேங்காய் எண்ணெய் மட்டுமே விற்கும் வணிகர் என்றால், அவருடைய தொழிலே பொருளைக் காட்டிவிடுகிறது, ஒப்பந்தம் செல்லும். சொல் ஐயத்துக்கு இடமானால் சூழலைப் பார் என்பதே இதன் கருத்து. தங்கையின் வழக்கில் பின்னோக்கிச் செல்லும் அட்டையை நாம் சான்றாகக் கொண்டதும் இம்முறையில்தான்.

வீட்டு நடுவருக்குச் சில வழிகள்

1. ஆட்டம் தொடங்குமுன் வீட்டு வழக்கங்களை ஒரு தாளில் எழுதிப் பலகைப் பெட்டியிலேயே வையுங்கள்.

2. வழக்கு வந்தால் அட்டையை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் எதிர்த்தரப்பின் வாதத்தைத் தம் வாயால் சொல்லட்டும். பாதி வழக்கு அங்கேயே முடியும்.

3. எவர் வெல்வார், எவர் தோற்பார் என்பதைக் கேட்பதற்கு முன்னரே அட்டையின் பொருளை முடிவு செய்யுங்கள். இயலுமானால், அட்டை யாருடையது என்றே கேட்காதீர்கள்.

4. வினை என்ன, அடைமொழி என்ன, பொது விதியா சிறப்பு விதியா, எது முன், எது பின் என்று வரிசையாகப் பாருங்கள்.

5. எவ்வளவு பார்த்தும் இரு பொருளும் சமமாகவே நின்றால், நாணயத்தைச் சுண்டி அன்றைய ஆட்டத்தை நடத்துங்கள். ஆட்டம் முடிந்தபின் அனைவரும் கூடி இனிமேல் எப்படி என்று முடிவெடுத்து அதே தாளில் எழுதுங்கள்.

6. ஒருமுறை சொன்ன தீர்ப்பை மறுமுறை ஆளுக்கேற்ப மாற்றாதீர்கள். பிள்ளைகள் தோல்வியை மறந்துவிடுவர்; ஓரவஞ்சனையை மறப்பதில்லை.

காசு வைத்து ஆடும் ஆட்டங்களைப் பற்றியதன்று இக்கட்டுரை. இங்கே பணயமாக இருப்பது காகிதப் பணம்தான். ஆனால் உண்மையில் பணயமாக இருப்பது வேறொன்று. இன்று பாயில் அமர்ந்திருக்கும் இந்தத் தமையனும் தங்கையும் நாளை வீட்டு வாடகைச் சீட்டில் கையெழுத்திடுவார்கள். கடன் பத்திரம் படிப்பார்கள். பெற்றோர் விட்டுச் சென்ற வீட்டைப் பங்கிட ஒரே கூடத்தில் எதிரெதிரே அமர்வார்கள். தறியில் பாவு ஏறுமுன் 'வழக்கமான கூலி' என்று வாயால் பேசி, சேலை நெய்து முடிந்தபின் 'வழக்கம் எது' என்று வழக்காடும் நிலையும் நம் ஊர் அறியாததன்று. அப்போது அவர்களிடையே வாசகத்தைப் படித்துக் காட்ட அம்மா இருக்க மாட்டார். இன்று கற்ற முறை மட்டுமே இருக்கும்.

ஆகவே, அடுத்த முறை கூடத்தில் கூச்சல் எழுந்தால் பலகையை மூடச் சொல்லாதீர்கள். சற்று உறக்கம் கலைந்தாலும் தாழ்வில்லை. எழுந்து சென்று பாயில் அமருங்கள். "அட்டையைக் கொடு, என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படிப்போம்" என்று தொடங்குங்கள்.